ஆரணியில் தீபாவளி, கார்த்திகை மாலைகள்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் தீபத் திருவிழா என்று ஆரணியில் மழைக்கால மாலைகள் நெருப்பைச் சுற்றியே அமைகின்றன. வாசலில் அகல்விளக்கு, தெருவில் மத்தாப்பு, கோயில் முன் சொக்கப்பனை. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்களைக் கதவடைத்து உள்ளறையில் இருத்திவிடுவதே பாதுகாப்பு என்று பல வீடுகளில் கருதப்படுகிறது. நோய் கட்டுப்பாட்டில் இருக்கும் பெரும்பாலானோருக்கு அது தேவையில்லை. எந்த நெருப்பை, எவ்வளவு தொலைவில், எந்த நேரத்தில் காண்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புகையில் உள்ள வேறுபாடு

அகல்விளக்கின் புகை மிகக் குறைவு. திரியைச் சிறிதாக வைத்தால் இன்னும் குறையும். பனம்பூவைச் சுட்டெடுத்த கரித்தூளைத் துணியில் பொதிந்து சுழற்றும் மாவலியிலும் பொறி மிகுதி, புகை குறைவு. நோயாளி சற்றுத் தள்ளி அமர்ந்து கண்டு மகிழ ஏற்றது அதுவே. பட்டாசில் உள்ள கந்தகம் எரியும்போது கந்தக டை ஆக்சைடு உண்டாகி மூச்சுக்குழாய்களைச் சுருக்குகிறது. சத்தம் இல்லை என்பதால் தீங்கற்றது என நம்பிக் குழந்தைகளுக்குத் தரப்படும் பாம்பு மாத்திரை, மிக அடர்ந்த நுண்துகள் புகையை வெளியிடும் வகைகளுள் ஒன்று. வீட்டில் மூச்சு நோயாளி இருப்பின் அதனை வாங்காதீர்கள். பசுமைப் பட்டாசிலும் புகை குறைகிறதே தவிர, இல்லாமல் போவதில்லை.

சொக்கப்பனையின் காய்ந்த ஓலை விரைவில் எரிந்து அடங்கும். மழையில் நனைந்த ஓலையோ அடர்ந்த புகையைக் கிளப்பும். புகை செல்லும் திசையைப் பார்த்து, காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வீசும் இடத்தில் நில்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க அனுமதி வழங்கப்பட்டு வருகிறது. அந்த நேரங்களில் தெருப்பக்கச் சன்னல்களை மூடிவையுங்கள். காற்று அசையாத குளிர்ந்த இரவில் புகை தரையை ஒட்டியே தங்கும். ஆகவே மறுநாள் விடியற்காலை நடைப்பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு பொருந்திய என்95 முகக்கவசம் தடுக்கும்.

அன்றாடம் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை விழா நாளிலும் விடாதீர்கள். உடனடி நிவாரண இன்ஹேலர் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை. மருத்துவர் குறித்த அளவில் எடுத்தும் மூச்சிரைப்பு அடங்காவிட்டாலோ, ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் சிகிச்சை பெறுபவர் இருந்தால்

இதில் விதிவிலக்கே இல்லை. ஆக்சிஜன் சூழ்ந்த துணியும் தலைமுடியும் சிறு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். அந்த அறையில் அகல்விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. நோயாளி விளக்கு வரிசையைச் சன்னல் கண்ணாடி வழியே காணட்டும்.

உடை

ஆரணியில் விழாவுக்குப் பட்டு உடுத்தாதே என்று சொல்வதில் பொருளில்லை. பட்டு நூல் மெதுவாகவே எரியும், உருகாது. பட்டுப்போல் தோன்றும் செயற்கை இழைத் துணியோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆயினும் எந்தத் துணியானாலும் தொங்கும் முந்தானையும் தாவணியும்தான் முதலில் தீப்பற்றுகின்றன. பூசையைப் பட்டில் முடித்துவிட்டு, பட்டாசுக்கு முன் உடலோடு பொருந்திய பருத்தி ஆடைக்கு மாறுங்கள். விளக்கேற்றும்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தறி உள்ள வீடுகளில் பாவுக்கு அருகே விளக்கு வைக்க வேண்டாம்.

நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் தெருவில் இறங்கக் கூடாது. எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை மிதித்ததே தெரியாமல், மறுநாள் கொப்புளத்தைக் கண்டு வருவோர் உண்டு. தீர்ந்த கம்பிகளைத் தண்ணீர் வாளியில் போடச் சொல்லுங்கள்.

தீக்காயம் பட்டால்

புண்பட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வீக்கம் தொடங்குமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மஞ்சள், மை, மாவு, பனிக்கட்டி எதையும் வைக்கக் கூடாது. அவற்றை நீக்குவதே மருத்துவமனையில் நோயாளிக்கு இரண்டாம் வேதனையாகிறது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்துச் செல்லுங்கள்.

கண்ணில் பட்டாசு மருந்துத்தூள் மட்டும் விழுந்திருந்தால் தூய நீரால் தொடர்ந்து கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். அடிபட்டோ குருதி வடிந்தோ இருந்தால் கழுவாமல், தேய்க்காமல், அழுத்தாமல், காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணின் மேல் கவிழ்த்து ஒட்டி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முகம், கை, பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஏற்பட்ட தீக்காயமும், குழந்தைகள், முதியோருக்கு ஏற்பட்ட தீக்காயமும் சிறிதாகத் தோன்றினாலும் அன்றிரவே மருத்துவர் பார்க்க வேண்டியவை. அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, தீயணைப்புக்கு 101.