வாயிற்படியும் வளைகுழலும்

சக்கர நாற்காலியை விட்டு எழ இயலாதவரும், அதனோடு விரல்களில் பிடிமானம் குன்றியவருமான ஒருவர், ஒரு போஜனசாலைக்குச் சென்று ஏனையோரைப் போல உண்டு திரும்ப வேண்டுமானால் அவர் கடக்க வேண்டிய தடைகள் இரண்டு: ஒன்று வாசலிலே கிடக்கும் படி, மற்றொன்று மேஜைக்கும் வாய்க்கும் இடையே உள்ள ஒரு முழ தூரம். முன்னதைப் பற்றிச் சரித்திரம் விரிவாகப் பேசுகிறது. பின்னதைப் பற்றிப் பேசினவர் சிலரே. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்சிஸ்கோ நகரத்திலும், வளைகுடாவுக்கு அக்கரையிலுள்ள பெர்க்லியிலும் இவ்விரண்டின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

1867இல் ஸான் பிரான்சிஸ்கோ நகரசபை பிச்சையெடுப்பதைத் தடுக்க ஒரு சட்டம் செய்தபோது, நோயாலோ அங்கஹீனத்தாலோ உருக்குலைந்து காண்பவருக்கு அருவருப்பூட்டுவதாகக் கருதப்பட்டவர்கள் தெருவிலும் பொது இடங்களிலும் தென்படலாகாது என்றும் அதிலே விதித்தது. 1881இல் சிகாகோவும் இவ்வழியைப் பின்பற்றியது. அங்கே அந்த விதி 1974 வரையில் ஏட்டிலிருந்து நீங்கவில்லை. அச்சட்டங்கள் குறி வைத்தது வறியவர்களையே என்பது உண்மையாயினும், ஊனமுற்றவர் எதிரே அமர்ந்து உண்டால் பிறருடைய பசி கெட்டுவிடும் என்ற எண்ணம் செல்வர் வறியவர் என்று பார்க்கவில்லை; சட்டத்தினும் அதற்கு ஆயுள் அதிகமாயிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஸான் பிரான்சிஸ்கோவிலேயே, 1930களில், ஜோசப் ஃப்ரீட்மன் என்பவர் தம் சகோதரருடைய பானக்கடையில் அமர்ந்திருந்தபோது, தம் சிறு மகள் உயரமான கண்ணாடிக் குவளையிலிருந்த மில்க் ஷேக்கை நேரான காகிதக் குழலால் உறிஞ்ச முடியாமல் எட்டி எட்டித் தவித்ததைக் கண்டார். அவர் அக்குழலுக்குள் ஒரு திருகாணியைச் செலுத்தி, அதன் மரைகளின் மேலே பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை இறுகச் சுற்றி, பின் திருகாணியை வெளியே எடுத்தார்; காகிதத்தில் படிந்த மடிப்புகளால் குழல் முறியாமல் வளைந்துகொடுத்தது. 1937இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், குழந்தைக்காகப் பிறந்த அச்சாதனத்தை 1947இல் முதன்முதல் விலைகொடுத்து வாங்கியது ஓர் ஆஸ்பத்திரியே; ஏனெனில் படுக்கையில் கிடப்பவர் தலை தூக்காமலும், கோப்பையைக் கையால் ஏந்தாமலும் பருகுவதற்கு அது மிகவும் ஏற்றதாயிருந்தது. உள்ளங்கையைச் சுற்றி வாரால் கட்டி அதிலே கரண்டியைச் செருகிக்கொள்ளும் பட்டையும், அழுத்தி அசைத்தாலே நறுக்கும் வளைந்த கத்தியும், உணவு வெளியே தள்ளிப்போகாதபடி தட்டின் விளிம்பிலே பொருத்தும் தடுப்பும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இப்படிப்பட்ட சிறு பொருள்களை மகத்தான சாதனைகளின் வரிசையிலே வைத்து எண்ணுவதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

வாயிற்படியின் கதை பெர்க்லியிலே புதிய திருப்பம் பெற்றது. பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே அநேகமாக எல்லா இயக்கத்தையும் இழந்த எட் ராபர்ட்ஸ், 1962இல் அங்குள்ள சர்வகலாசாலையிலே சேர்ந்தார். அவர் உறங்குவதற்கு வேண்டிய இரும்புச் சுவாச யந்திரத்தின் பாரத்தைத் தாங்கக்கூடிய மாணவர் விடுதி இல்லாமையால், சர்வகலாசாலையின் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தார். அவரைத் தொடர்ந்து வேறு சிலரும் வந்து கூடினர். நடைபாதையின் விளிம்பைச் சரித்துத் தரவேண்டுமென்று நகரசபையிடம் வாதாடினர். 1972இல் சுதந்திர வாழ்வு நிலையம் ஒன்றையும் ஸ்தாபித்தனர். அந்நிலையம் சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்த்ததோடு, குளிப்பாட்டவும் உணவூட்டவும் உதவியாளர்களைத் தேடித் தந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தெருவிலே ஏறி இறங்க வழி பிறந்தாலும், சிற்றுண்டிச் சாலையின் மேஜையருகே அமர்ந்தபின் கரண்டியை உயர்த்த ஒரு கை வேண்டுமென்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள்.

1977 ஏப்ரல் 5ஆம் தேதி, ஊனமுற்றோரைப் பாகுபடுத்துவதைத் தடுத்த, 1973ஆம் வருஷத்துப் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவை அமுலுக்குக் கொண்டுவரும் விதிகளில் கையெழுத்திட வேண்டுமென்று கோரி, நூற்றுக்கு மேற்பட்டோர் ஸான் பிரான்சிஸ்கோவிலுள்ள மத்திய அரசாங்கக் கட்டடத்திற்குள் புகுந்து அமர்ந்தனர். மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்த அந்தச் சத்தியாக்கிரகத்திலே, ஓக்லண்டிலிருந்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் சுடச்சுட உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். கையுள்ளவர் கையில்லாதவருக்கு ஊட்டினார்கள். ஏப்ரல் 28இல் விதிகள் கையெழுத்தாயின. ஆனால் அவை மத்திய அரசின் பணம் பெறும் ஸ்தாபனங்களையே கட்டுப்படுத்தின. தனியார் போஜனசாலையின் படி அசையவில்லை.

அது அசைவதற்கு 1990 ஜூலை 26இல் நிறைவேறிய அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் தேவைப்பட்டது. பொதுஜனங்கள் கூடும் இடங்களின் வரிசையில் உணவகம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. சாய்தளம் ஓர் அங்குலம் உயரப் பன்னிரண்டு அங்குலம் நீள வேண்டும். கதவு 32 அங்குலம் திறக்க வேண்டும். மேஜையின் மேற்பரப்பு 28 முதல் 34 அங்குல உயரத்திற்குள் அமைய, அதன் அடியில் முழங்கால் புக 27 அங்குலம் இடம் விட வேண்டும். கதவின் பிடியை இறுகப் பற்றாமலும், கிள்ளாமலும், மணிக்கட்டைத் திருகாமலும் ஒரே கையால் இயக்க வேண்டும் என்ற விதியைப் படிக்கும்போது, பலவீனமான கையை உணர்ந்து எழுதியவர் ஒருவர் அங்கே இருந்திருக்கிறார் என்று மனம் நெகிழ்கிறது. அந்தக் கருணை கதவோடு நின்றுவிட்டதுதான் குறை. உணவூட்டும் உதவி தனிப்பட்ட பணிவிடையாதலால் அதைச் செய்யும் கடமை உணவகத்துக்கு இல்லையென்று அச்சட்டத்தின் கீழ் எழுந்த விதிகள் வெளிப்படையாகக் கூறுகின்றன. உறிஞ்சுகுழலின் மேலுறையைப் பரிசாரகர் நீக்கித் தருவது போன்ற சிறு உதவிகளை அவ்விதிகளின் விளக்கவுரை தனிப்பட்ட பணிவிடையாகக் கருதாமல் விட்டது.

இதற்குள் பிளாஸ்டிக்காகிவிட்ட அந்தக் குழலுக்கும் 2018இல் சோதனை வந்தது. கடலைக் காக்கும் நல்ல நோக்கத்தோடு ஸான் பிரான்சிஸ்கோ பிளாஸ்டிக் குழல்களைத் தடுக்கச் சட்டம் செய்தபோது, ஊனமுற்றோர் எழுந்து தங்கள் வழக்கைச் சொல்ல வேண்டியிருந்தது: காகிதக் குழல் சூடான பானத்தில் ஊறிக் குழைகிறது; உலோகக் குழல் வளைவதில்லை; தாடை தன் வசத்தில் இல்லாதவரின் பல்லையும் அண்ணத்தையும் அது காயப்படுத்துகிறது. உடல்நிலை காரணமாகத் தேவைப்படுவோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் விலக்கு என்பது கொடுப்பதற்கு அனுமதியே. கடையிலே வாங்கி வைத்திருக்க வேண்டுமென்ற கட்டளை அன்று. ஆகவே சாய்தளத்தின் வழியே எவ்விதத் தடையுமின்றி உள்ளே செல்லும் விருந்தினர் பலர், கரண்டியையும் கைப்பட்டையையும் வளைகுழலையும் இன்றும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்கிறார்கள்.