மரக்காணம்: உப்பளமும் ஊர் வரலாறும்

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பேரூராட்சி. வங்கக் கடலுக்கும் கழுவெளி ஈரநிலத்துக்கும் அருகே தாழ்ந்த நிலத்தில் அமைந்தது. ஊரின் பழமைக்குப் பூமீசுவரர் கோயிலையும் சங்ககால எயிற்பட்டினத்தையும் காட்டுவது வழக்கம். ஆனால் இவ்வூரின் மரபுச் சின்னம் என்று முதலில் சொல்லத்தக்கது உப்பளமே. இதற்குச் சான்றாகச் சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வது சரியாகாது. பக்கத்து இடைக்கழிநாட்டு நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நூல் அது. அதன் எயிற்பட்டினம் மரக்காணமே என்பாரும் உண்டு. அதை ஏற்றாலும், அங்கே பாணருக்குக் கிடைப்பவை பரதவர் தரும் கள்ளும் மீனும்தான். உமணரின் உப்பு வண்டியோ பாண்டியரின் கொற்கையைச் சொல்லுமிடத்தில் வருகிறது. வலுவான சான்று சோழர் காலத்தது. அரசின் கண்காணிப்பில் உப்பு விளைந்த இடங்களுள் கன்னியாகுமரியோடு மரக்காணத்தையும் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி குறிப்பிடுகிறார்.

இன்றைய அளங்கள் வெள்ளையர் காலத்தவை அல்லவா என்று கேட்கலாம். 1805இல் சென்னை மாகாண உப்பு கும்பினியின் தனியுரிமையானது உண்மை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக விரிவுபெற்ற பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம் என்பதும் உண்மை. ஆயினும் இவை வரியையும் விற்பனையையும் போக்குவரத்தையுமே மாற்றின. ஆணை போட்டு உப்பை விளைவிக்க முடியாது. களிமண் தரையும், உட்புகும் கடல்நீரும், மாதக்கணக்கான வெயிலும் வேண்டும். இம்மூன்றும் ஆட்சிகளுக்கு முன்பே இங்கு இருந்தவை; 1947இல் உப்பு வரி ஒழிந்த பின்னும் அளம் நிற்பது அதனால்தான்.

ஆண்டுதோறும் மழையில் கரையும் பாத்தியை எப்படி மரபுச் சின்னம் என்பது என்ற மறுப்பு இன்னும் கனமானது. வடகிழக்குப் பருவமழை பாத்திகளை மூழ்கடிக்கிறது. மழை ஓய்ந்ததும் தொழிலாளர்கள் வண்டலை அகற்றி, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, வரப்புக் கட்டி, உப்புநீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி முற்றவிடுகிறார்கள். எந்தப் பதத்தில் உப்பை வாருவது என்பது கண்ணும் காலும் பழகிய அறிவு. இங்கே கைமாறி வந்தது அந்த அறிவுதான். ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுவதாலேயே அது அழியாமல் இருக்கிறது. கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே வெயிலில் நிற்கும் இந்தத் தொழிலையும் அரசு மரபுச் செல்வமாக ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும்.