சிவப்பு ஹெச்: எஸ்தர் ஹவ்லண்டின் வாழ்த்து அட்டைகள்

எஸ்தர் ஹவ்லண்ட் என்று இணையத்தில் தேடினால் 'அமெரிக்க வாலன்டைனின் தாய்' என்ற பட்டம்தான் முதலில் வந்து நிற்கும். அமெரிக்காவின் முதல் காதலர் தின அட்டையைச் செய்தவரே அவர்தான் என்றும் சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. அவர் தொழிலில் இறங்கும் முன்பே நியூயார்க் கடைக்காரர்கள் வாலன்டைன் அட்டைகளை விளம்பரம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அட்டையில் ஒட்டியிருந்த காகித லேஸும் அவருடையது இல்லை, இங்கிலாந்தில் செய்தது. அப்படின்னா அவர் செய்தது என்ன? அதைப் பார்க்க முதலில் தபால் கட்டணத்துக்குப் போகணும்.

பிரிட்டனில் 1840 வரை கடிதத்துக்குக் கட்டணம் போட்டது தூரத்தை வைத்தும், எத்தனை தாள் என்று எண்ணியும்தான். உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, அதன் முதுகிலேயே முகவரி எழுதி அனுப்பினார்கள். நாலு அடுக்குக் காகிதம் ஒட்டிய அட்டையைத் தபாலில் அனுப்ப நினைப்பதே ஆடம்பரம். ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தத்தில் 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் எடைக்கு ஒரே பென்னி என்று ஆனது. தாள் கணக்கு போய் எடைக் கணக்கு வந்தது. அமெரிக்காவிலும் 1845 ஜூலையில் அதேபோல எடைக்கு மாறினார்கள்: 300 மைல் வரை அரை அவுன்ஸுக்கு 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். அரை அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 14 கிராம். அந்த 14 கிராமுக்குள் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், உறையும் போடலாம். இந்த ஒரு மாற்றம் இல்லாமல் பின்னால் சொல்லப்போகும் எதுவும் நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

அடுத்தது எம்பாஸிங். நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் மேடாக எழும்பி நிற்பாரே, அதே வேலைதான். எஃகுத் தகட்டில் உருவத்தைப் பள்ளமாகவும் இடம்வலம் மாற்றியும் செதுக்குவார்கள். அதுதான் டை. அந்தப் பள்ளத்துக்குள் சரியாகப் போய் உட்காரும் எதிர் அச்சைக் கெட்டி அட்டையிலோ தோலிலோ செய்வார்கள். நடுவில் லேசாக ஈரமாக்கிய காகிதம். திருகு பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் காகிதத்தின் நார்கள் கிழியாமல் நீண்டு அந்த வடிவத்தில் நின்றுவிடும். இதில் கஷ்டமெல்லாம் டை செதுக்குவதில்தான். ஒரு டை செதுக்க மாதக்கணக்கில் ஆகலாம், செதுக்கிய பிறகு ஆயிரக்கணக்கில் அடிக்கலாம். லண்டனில் டாப்ஸ் என்ற நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இதில் பேர் போனது.

டாப்ஸில் வேலை பார்த்த ஜோசப் அடன்புரூக் என்பவரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1834-ல், எம்பாஸ் செய்த தாளின் மேட்டுப் பகுதிகள் தற்செயலாக அரத்தில் உரசித் தேய்ந்துபோக, அந்த இடங்களில் எல்லாம் ஓட்டை விழுந்து தாள் லேஸ் துணி மாதிரி ஆகிவிட்டதாம். தற்செயல் கண்டுபிடிப்புக் கதைகளை நான் அவ்வளவா நம்புறதில்ல. எம்பாஸ் அடித்தே பிழைக்கிறவருக்கு மேட்டைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் செய்முறை உண்மை. தாளை எம்பாஸ் செய்துவிட்டு மேடான இடங்களை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து எடுப்பார்கள். மிச்சம் நிற்பது காகித லேஸ். அடுக்கடுக்காக வைத்தாலும் எடை ஏறாத பொருள், 14 கிராம் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

இப்போது 1847. மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் எஸ்தரின் அப்பா புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் கடை வைத்திருந்தார். எஸ்தருக்கு வயது 19, மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் அந்த ஆண்டுதான் படிப்பை முடித்திருந்தார். (எமிலி டிக்கின்ஸனின் வகுப்புத் தோழி என்று பல கட்டுரைகளில் வரும். எமிலி அங்கே சேர்ந்தது 1847 இலையுதிர் காலத்தில், இவர் முடித்து வெளியே போன பிறகு.) அப்பாவோடு வியாபாரத் தொடர்பு உள்ள ஒருவரிடமிருந்து எஸ்தருக்கு ஓர் இங்கிலீஷ் வாலன்டைன் வந்தது. இதை நாமே செய்யலாமே என்று தோன்றி, அப்பா மூலமாக இங்கிலாந்திலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் லேஸ் தாள், வண்ணப் படங்கள் எல்லாம் வரவழைத்து ஒரு டஜன் மாதிரிகள் செய்தார். கடைக்காக ஊர் ஊராகப் போன அண்ணன்தம்பிகளில் ஒருவர் அதையும் எடுத்துப் போனார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று எஸ்தர் நினைத்தாராம், வந்தது 5000 டாலருக்கு என்பார்கள்.

எண்கள் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் ஒரு ஆள் உட்கார்ந்து செய்து தீர்க்க முடியாத ஆர்டர் என்பதில் சந்தேகமில்லை. எஸ்தர் தோழிகளைக் கூப்பிட்டார். வீட்டிலேயே ஓர் அறையில் மேசை போட்டு வேலையைப் பிரித்தார். ஒருத்தி வண்ணப் படங்களை வெட்டி எடுப்பாள், ஒருத்தி பின்னணித் தாளைத் தயார் செய்வாள், அடுத்தவள் எஸ்தர் செய்துவைத்த மாதிரியைப் பார்த்து அடுக்கி ஒட்டுவாள். முடிந்ததை எஸ்தர் சரிபார்ப்பார். ஹென்றி ஃபோர்டுக்கு முன்பே அசெம்பிளி லைன் கண்டவர் என்று இதையும் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். வேலையைக் கூறுபோடுவது 1776-லேயே ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையை வைத்து விளக்கிய விஷயம், ஃபோர்டு 1913-ல் சேர்த்தது நகரும் பட்டையை. எஸ்தரின் மேசையில் எதுவும் நகரவில்லை, பெண்களின் கைகள்தான் நகர்ந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வெள்ளை லேஸுக்குக் கீழே பளபளப்பான வண்ணத் தாளைச் சிறு துண்டாக வைத்தார். ஓட்டைகள் வழியாக நிறம் தெரிந்து, அதுவரை மங்கலாக இருந்த வேலைப்பாடு பளிச்சென்று எழுந்தது. லேஸ் அடுக்குகளுக்கு இடையே மடித்த சின்னக் காகித ஸ்பிரிங் வைத்து ஒன்றை ஒன்றிலிருந்து தூக்கி நிறுத்தினார். இன்றைக்கு அட்டை செய்கிறவர்கள் ஃபோம் டேப் ஒட்டித் தூக்குகிறார்களே, அதே உத்தி. ஜெர்மன் ஸ்க்ராப் படங்கள், அதாவது கல் அச்சில் பல வண்ணம் ஏற்றி, எம்பாஸ் அடித்து, ஓரத்தை டையால் வெட்டிய பூக்களும் குழந்தைகளும், சந்தைக்கு வர வர அவையும் சேர்ந்துகொண்டன. மூணு தேசத்துச் சரக்கு, ஒரு மேசை. எங்க தொழில்ல இதுக்கு இன்டக்ரேஷன்னு பேர். அடுத்தவங்க எழுதின லைப்ரரிகளைச் சேர்த்து ஓட வைக்கிற வேலை. அது சின்ன வேலைன்னு நினைக்கிறவங்க ஒரு தடவை செஞ்சு பார்க்கணும்.

பாட்டுக்கும் இதே வழிதான். அட்டைக்குள் இருக்கும் வரிகள் பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்வதுண்டு. 1879-ல் அவருடைய நியூ இங்கிலாந்து வாலன்டைன் கம்பெனி ஒரு வரிகள் புத்தகம் போட்டது. நூறுக்கும் மேற்பட்ட பாடல்கள், பல நிற மையில். பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, பழைய வரிகளின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். காதலையும் ஸ்பேர் பார்ட்டாகக் கொடுத்தவர் என்று கிண்டல் செய்யலாம்தான். ஆனால் வாங்கியவர்கள் யாரும் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை, வியாபாரம் நன்றாகவே நடந்தது.

இந்த அட்டைகளில் யார் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். லேஸ் தாளின் ஓரத்தில், பூவேலைக்கு நடுவே, கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவுக்குச் சின்ன எழுத்தில் இங்கிலீஷ் எம்பாஸ்காரர் பெயர் அழுந்தியிருக்கும்: டாப்ஸ், மீக், மான்செல் என்று. டாப்ஸ் நிறுவனம் கூட்டாளிகள் மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றிக்கொண்டதால், அந்தப் பெயரை வைத்தே தாளின் வயதைக் கணிக்கிறார்கள் சேகரிப்பாளர்கள். அட்டையின் பின்பக்கத்தில் சிவப்பு மையில் சிறிய ஹெச் என்ற எழுத்து, ஹவ்லண்டின் முத்திரை. பிற்காலத்து அட்டைகளில் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள். ஒட்டியவளின் பெயருக்கு மட்டும் இடம் கிடையாது.

வீட்டுக்கே வேலை கொடுத்தனுப்பும் ஏற்பாடும் இருந்தது. ஒரு பெட்டியில் தேவையான தாள், லேஸ், படங்கள், கூடவே ஒரு மாதிரி அட்டை. ஒரு வாரம் கழித்து வண்டிக்காரர் வந்து முடித்த வேலையை எடுத்துப் போவார். தீப்பெட்டி ஒட்டக் கொடுத்தனுப்பும் முறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை இலகுவானது, கூலி தாராளம் என்று 1901-ல் ஒரு பாஸ்டன் பத்திரிகை எழுதியது. அப்போது எஸ்தருக்கு 70 தாண்டியிருந்தது, அது முதலாளியின் நினைவு. பொய் என்று சொல்ல வரவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் வெளியே வேலைக்குப் போவது கௌரவக் குறைவாக இருந்த காலத்தில், வீட்டில் உட்கார்ந்தபடி சம்பாதிக்க இது ஒரு வழி. அதே பெண் பிரித்துக் கொடுத்த துண்டை, கொடுத்த மாதிரிப்படி மட்டும் ஒட்டினாள் என்பதும் இருக்கிறது. அப்படி ஒட்டியதைத்தான் இன்று ஏலக் குறிப்புகளில் 'கைவேலை' என்று போற்றுகிறார்கள்.

1866-ல் முழங்காலில் அடிபட்டு எஸ்தர் சக்கர நாற்காலியில் இருக்க நேர்ந்தபோதும் தொழில் நிற்கவில்லை. கடைசியில் அப்பாவின் உடல்நிலை மோசமாகி, அவரைப் பார்த்துக்கொள்வதற்காக 1881-வாக்கில் அதே வூஸ்டரைச் சேர்ந்த ஜார்ஜ் விட்னிக்கு விற்றுவிட்டார். 1904-ல் இறந்தார். விட்னி இங்கிலாந்துத் தாளை நம்பியிருக்க விரும்பாமல், எம்பாஸ் செய்து லேஸ் அடிக்கும் இயந்திரங்களைத் தானே வாங்கிப் போட்டார். அவருடைய அட்டைகள் வர வர முழுக்க அச்சு வேலையாகி, மேசையும் பெண்களும் தேவைப்படாமல் போனார்கள். இரண்டாம் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் 1942-ல் அந்த நிறுவனமும் மூடியது.

பழைய அட்டை விற்கிறவர்கள் இப்போதும் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். சிவப்பு ஹெச் இருந்தால் விலை கூடும். அது இல்லாவிட்டால் லேஸை லேசாகத் தூக்கி, அடியில் வண்ணத் தாள் வைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.