கணினியின் துறைகள்: யூ.எஸ்.பி. வளர்ந்த வரலாறு



கெடா மாநிலத்தில் வாழும் நமக்குத் துறை என்ற சொல் புதியதன்று. ஜெராய் மலையைக் குறியாகக் கொண்டு கப்பல்கள் வந்த மண் இது. மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் காணப்படும் செங்கல் அடித்தளங்கள் அந்தக் காலத்து வாணிகத்துக்குச் சாட்சி சொல்கின்றன. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று கூறும் நாடும் இதுவே. துறை நன்றாக இருந்தால் சரக்கு விரைவில் ஏறி இறங்கும். துறை பழுதுபட்டால் எவ்வளவு பெரிய கப்பல் வந்தாலும் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

கணினிக்கும் துறைகள் உண்டு. பென் டிரைவையும் அச்சுப்பொறியையும் நாம் செருகுகிறோமே, அந்தச் சிறு வாய்களே அவை. யூ.எஸ்.பி. என்று அவற்றை அழைக்கிறோம். அவை எப்படித் தோன்றின, சில வேளைகளில் ஏன் ஆமை வேகத்தில் வேலை செய்கின்றன என்பதை இன்று பார்ப்போம். எங்கள் பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சியே இந்தப் பேச்சுக்குக் காரணம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

2011ஆம் ஆண்டு. தோட்ட நிலம் கைமாறியதால் பள்ளி வேறிடம் போகும் என்று பேச்சு எழுந்தது. பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையான் அரிக்கத் தொடங்கியிருந்தது. அவற்றை வெறும் காகிதம் என்று எண்ணிவிடக் கூடாது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைந்த முன்னாள் மாணவர்களுக்கு, அந்தப் பதிவேட்டின் ஒரே ஒரு வரி துணைச் சான்றாக உதவியதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக் கணினியில் சேர்த்தோம். தோட்டத்து முதியவர்களின் பேச்சையும் பதிவு செய்தோம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 கிகாபைட் ஆயிற்று. அதை வெளிவட்டு ஒன்றில் நகலெடுக்க வேண்டும்.

நகல் நகரவே இல்லை. ஒரு விநாடிக்கு ஒரு மெகாபைட்தான் போயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிகாபைட் என்பது 20,000 மெகாபைட். 20,000 விநாடி என்பது ஐந்தரை மணி நேரத்துக்கும் சற்று அதிகம். பள்ளி விட்டபின் தொடங்குவோம், மாலையில் இடி மழை வரும், மின்சாரம் போகும், நகல் பாதியில் நிற்கும். மூன்று நாள் இப்படியே கழிந்தது. பட்டணத்துக் கடையில் கேட்டோம். கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். எங்களிடம் இருந்ததோ, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பயிற்சி நூல்களுக்கென்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒதுக்கிய பணம் மட்டுமே.

அந்தப் பணத்தைத் தொடலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை யூ.எஸ்.பி.யின் வரலாற்றில் இருந்தது.

1990களின் தொடக்கத்தில் ஒரு கணினியின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அச்சுப்பொறிக்கு ஓர் அகன்ற வாய், மோடத்துக்கு வேறொன்று, விசைப்பலகைக்கு வட்டமாக ஒன்று, சுட்டிக்கு இன்னொன்று. ஒன்றின் கம்பி மற்றொன்றில் பொருந்தாது. பல கருவிகளைச் செருகுமுன் கணினியை அணைக்க வேண்டும். செருகியபின் அமைப்புகளைக் கையால் மாற்ற வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1994ஆம் ஆண்டு இண்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக், டிஜிட்டல், என்.இ.சி., நார்தர்ன் டெலிகாம் ஆகிய ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடின. இண்டெல் பொறியாளர் குழுவில் முன்னின்றவர் அஜய் பட். குஜராத்தின் வடோதராவில் படித்து அமெரிக்கா சென்றவர். வீட்டில் அச்சுப்பொறியைக் கணினியோடு இணைக்கத் தம் குடும்பத்தார் பட்ட தொல்லையே தம்மைச் சிந்திக்க வைத்தது என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். இந்தப் பணிக்காக 2013ஆம் ஆண்டு அவருக்கும் அவர் குழுவினருக்கும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

1996 ஜனவரியில் யூ.எஸ்.பி.யின் முதல் வரையறை வெளிவந்தது. அதில் இரண்டு வேகங்கள் இருந்தன. விசைப்பலகை, சுட்டி போன்றவற்றுக்கு விநாடிக்கு 1.5 மெகாபிட். மற்றவற்றுக்கு 12 மெகாபிட். இந்த 12 மெகாபிட்டுக்கு 'முழு வேகம்' என்று பெயர் வைத்தார்கள். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 12 மெகாபிட் என்பது ஒன்றரை மெகாபைட்தான். நடைமுறையில் ஏறக்குறைய ஒரு மெகாபைட்டே கிடைக்கும். எங்கள் கணினியில் நாங்கள் கண்ட அளவும் அதுவே என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

புதிய முறை உடனே வெற்றி பெற்றுவிடவில்லை. 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98ஐ மேடையில் காட்டியபோது, யூ.எஸ்.பி. வருடி ஒன்றைச் செருகியதும் கணினி நீலத் திரை காட்டி நின்றுவிட்டது. கூட்டம் சிரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐமேக் பழைய வாய்களைக் கைவிட்டு யூ.எஸ்.பி.யையே ஏற்றது. அதன்பின் கருவி செய்வோர் பலரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

2000 ஏப்ரலில் யூ.எஸ்.பி. 2.0 வந்தது. அதன் வேகம் 480 மெகாபிட். முந்தியதைப் போல நாற்பது மடங்கு. இதற்கு 'உயர் வேகம்' என்று பெயர். இங்கேதான் பெயரால் வந்த குழப்பம். முழு வேகம் என்றால் உச்ச வேகம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? உண்மையில் உயர் வேகமே பெரியது. முழு வேகம் அதில் நாற்பதில் ஒரு பங்கு. அட்டைப் பெட்டியில் 'யூ.எஸ்.பி. 2.0 முழு வேகம்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துப் பழைய வேகக் கருவியை வாங்கி ஏமாந்தவர்கள் அந்தக் காலத்தில் உண்டு.

அதே 2000ஆம் ஆண்டில் பென் டிரைவும் விற்பனைக்கு வந்தது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனமும் அதில் முந்திக்கொண்டன. நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சிலாங்கூரில் செக்கிஞ்சான் என்னும் நெல் விளையும் ஊரில் பிறந்த புவா கெய்ன் செங், தைவானில் படித்து, 2000இல் நண்பர்களோடு பைசன் நிறுவனத்தை அங்கே தொடங்கினார். பென் டிரைவை ஆட்டுவிக்கும் வேலைகளை ஒரே சில்லில் அடக்கிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

நம் வட்டாரமும் விலகி நிற்கவில்லை. 1972ஆம் ஆண்டு இண்டெல் பினாங்கு பாயான் லெப்பாசில் ஆலை திறந்தது. 1996இல் கெடாவின் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா உருவாயிற்று. தாய் தகப்பன் பால் மரம் வெட்டியிருக்க, பிள்ளைகள் விடியற்காலையில் ஆலைப் பேருந்து ஏறிச் சில்லுகளைச் சோதிக்கும் வேலைக்குப் போன குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். நம் கைபட்ட பொருளின் உள்விவரத்தை நாமே அறியாமல் இருப்பது முறையன்று.

இனி எங்கள் கணினிக்கு வருவோம். யூ.எஸ்.பி. 2.0 வந்த புதிதில் செய்த தாய்ப்பலகைகளில் ஒவ்வொரு துறைக்குப் பின்னாலும் இரண்டு வகைக் கட்டுப்பாட்டுச் சில்லுகள் இருந்தன. ஒன்று பழைய 12 மெகாபிட் வேலைக்கு; மற்றொன்று 480 மெகாபிட் வேலைக்கு. பால் நிறுக்கும் இடத்தில் மூத்த கிராணி ஒருவரும் இளைய கிராணி ஒருவரும் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இளையவர் சுறுசுறுப்பானவர், ஆனால் அழைப்பு வந்தால்தான் எழுந்து வருவார். அவரை அழைப்பது டிரைவர் எனப்படும் இயக்கு மென்பொருள். அந்த மென்பொருள் இல்லாவிட்டால் துறைகள் எல்லாம் மூத்தவரிடமே போய்ச் சேரும். வேலை நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். எதுவும் உடைந்ததாகத் தெரியாது.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தபோது அதில் யூ.எஸ்.பி. 2.0க்கு உரிய மென்பொருள் இல்லை. 2002இல் வந்த முதல் திருத்தத் தொகுப்பில்தான் அது சேர்ந்தது. எங்கள் கணினிக்குச் சில மாதங்களுக்கு முன்பு எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். பயன்படுத்திய தட்டை எடுத்துப் பார்த்தோம். திருத்தம் எதுவும் சேராத, முதன்முதலில் வந்த பதிப்பு அது! டிவைஸ் மேனேஜரைத் திறந்தோம். யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றின் பக்கத்தில் மஞ்சள் நிறக் கேள்விக்குறி நின்றது. இளைய கிராணி உறங்கிக்கொண்டிருந்தார்.

திருத்தத் தொகுப்புகளை வரிசையாக ஏற்றிக் கணினியை மறுபடி தொடங்கினோம். கேள்விக்குறி மறைந்தது. விநாடிக்கு 30 மெகாபைட் வீதம் நகல் ஓடியது. ஐந்தரை மணி நேர வேலை 11 நிமிடத்தில் முடிந்தது. மழை வருவதற்கு வெகு நேரம் முன்பே பதிவேடுகள் வெளிவட்டில் பத்திரமாயின. சங்கத்தின் பணம் பிள்ளைகளின் நூல்களுக்கே போயிற்று.

பின்னர் 2008 நவம்பரில் யூ.எஸ்.பி. 3.0 வந்தது. வேகம் 5 கிகாபிட். பெரும்பாலும் அதன் வாய்க்குள் நீல நிறம் இருக்கும். பழைய நான்கு தொடுமுனைகளோடு புதிதாக ஐந்து சேர்ந்தன. அந்த ஐந்தும் சரியாகத் தொடாவிட்டால் கருவி சொல்லாமல் கொள்ளாமல் 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். வரலாறு திரும்பி வந்ததைப் பாருங்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7இலும் 3.0க்கான மென்பொருள் உடன் வரவில்லை. 2012இல் விண்டோஸ் 8தான் அதைச் சேர்த்துக்கொண்டது. துறை முந்தி வருகிறது. மென்பொருள் பிந்தி வருகிறது.

ஆகவே உங்கள் கணினியில் துறை மெதுவானால் இந்த வரிசையில் பாருங்கள். எப்போது தொடங்கியது, அதற்குமுன் எதை மாற்றினீர்கள் என்று முதலில் கேளுங்கள். அடுத்து, முன்புறத் துறையை விட்டுத் தாய்ப்பலகையோடு நேரே இணைந்த பின்புறத் துறையில் செருகுங்கள். நீலத் துறை இருந்தால் அதில் செருகுங்கள். நீட்டிப்புக் கம்பியையும், பல கருவிகள் பங்கிட்டுக்கொள்ளும் கிளைப்பெட்டியையும் அகற்றுங்கள். கம்பியை மாற்றுங்கள். அதே கருவியை வேறு கணினியில் சோதியுங்கள். அங்கும் மெதுவென்றால் குறை கருவியில் இருக்கலாம். மலிவான பென் டிரைவ்கள் படிப்பதைவிட எழுதும்போது மிகவும் மெதுவாக இருக்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஒரு பெரிய கோப்பைவிட அதிக நேரம் பிடிக்கும். இவையெல்லாம் சரியென்றால் மென்பொருளைப் பாருங்கள். சில கணினிகளின் பயாஸ் பட்டியலில் 'முழு வேகம்', 'உயர் வேகம்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். புதிய கணினி என்ற பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும்.

பதிவேட்டின் நகல்களை இப்போது இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். யாராவது தம் பெயரைத் தேடி வந்தால் சில நிமிடங்களில் எடுத்துத் தருகிறோம். நேயர்களும் தங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களைப் படமெடுத்து நகல் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.