படகுக்காரனும் வட்டார அணியும்

அயர்லாந்தின் கேலிக் கால்பந்து வீரர் மிக் ஓ'கானலைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது அவருடைய படகு. 1937இல் பிறந்தவர்; நாட்டின் தென்மேற்கில் கெர்ரி கவுண்டிக் கரையை ஒட்டிய வேலன்ஷியா தீவுக்காரர். பாலம் இல்லாத காலத்தில் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து ஆடினார், துடுப்புப் போட்டே வீடு திரும்பினார். 1959இல் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்ற கெர்ரி அணிக்கு அவர்தான் தலைவர். ஆனாலும் கொண்டாட்டத்துக்கு நிற்காமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். யாருடைய துணையும் இல்லாமல் வளர்ந்த தீவுக்காரர் என்ற இந்தச் சித்திரம் மனத்தைக் கவர்வதுதான். ஆனால் அவரை மேலே கொண்டுவந்த ஏற்பாடு ஒன்றை அது முழுவதுமாக மறைத்துவிடுகிறது.

1884இல் தர்ல்ஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் ஊரை அடிப்படையாக வைத்தே கட்டப்பட்டது. திருச்சபைப் பங்கு எல்லைக்குள் ஒரு கிளப், கிளப்புகளுக்கு மேலே கவுண்டி அணி. சம்பளம் கிடையாது, ஆளை விலைக்கு வாங்கும் வழக்கமும் கிடையாது. இந்த விதி சின்ன ஊரில் பிறந்தவனை அங்கேயே முடக்கிவிடக் கூடும். கெர்ரி அதற்கு ஒரு வழி கண்டது. சிறிய கிளப்புகளின் ஆட்டக்காரர்களைத் திரட்டி வட்டார அணி அமைத்து, கவுண்டிப் போட்டியில் பெரிய கிளப்புகளுக்கு எதிரே இறக்கியது. அப்படி அமைந்த, ஓ'கானலும் ஆடிய தெற்குக் கெர்ரி அணி 1955, 1956, 1958 ஆண்டுகளில் கவுண்டிப் பட்டம் வென்றது. பட்டம் வென்றவர்களே அடுத்த ஆண்டின் கவுண்டித் தலைவரை நியமிப்பது கெர்ரியின் வழக்கம். 1959இல் தலைமை ஒரு தீவுக்காரருக்கு வந்த வழி இதுதான்.

திறமை அவருடையதுதானே என்று கேட்கலாம். மறுப்பதற்கில்லை. நடு ஆடுகளத்தில் நாலு பேர் முட்டி மோதும்போது அவர்களுக்கு மேலே எழும்பி, இரு கைகளையும் நீட்டிப் பந்தை உச்சத்திலேயே பிடித்து, தரையில் கால் ஊன்றியதும் இரண்டு கால்களில் எதனாலும் துல்லியமாக உதைப்பார். அதை எந்தச் சங்கமும் கற்றுத்தர முடியாது. ஆனால் தோளோடு தோள் மோதும் வலுவான எதிராளிகள் இல்லாமல் அந்தப் பிடி முதிர்ந்திருக்காது. அந்த எதிராளிகளை அவருக்குத் தந்தது வட்டார அணி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு: மைதானம் நிறைய டிக்கெட் விற்றுவிட்டு ஆடுகிறவனுக்கு ஒன்றும் கொடுக்காதது சுரண்டல் இல்லையா? ஓ'கானலுக்கே தீவின் கடலடித் தந்தி நிலைய வேலைதான் சோறு போட்டது. 1999இல் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கியது நியாயமான செயல் என்றே நான் கருதுகிறேன். ஆனால் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டுவது வேறு, ஆளை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்துப் போவது வேறு. பின்னதை அனுமதித்திருந்தால் வேலன்ஷியாவுக்கு அவர் மிஞ்சியிருக்க மாட்டார்.

1962, 1969, 1970 ஆண்டுகளிலும் அவர் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். தீவுக்குப் பாலம் கட்டி முடிந்ததும் 1970இல்தான். கேலிக் விளையாட்டுச் சங்கம் 1999இல் அறிவித்த ஆயிரமாண்டு அணியின் நடு ஆடுகளத்தில் லீஷ் கவுண்டியின் டாமி மர்ஃபியோடு அவரும் இடம்பெற்றார். அவருடைய வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் படகுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது தெற்குக் கெர்ரி அணிக்கும் கொடுக்க வேண்டும்.