நேப்பிள்ஸ் நகரில் ஒரு சீனக் கல்லூரி

நம் பங்குகளில் இன்று பிரெஞ்சும் ஜெர்மனும் கற்கும் இளைஞர் பலர். வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் அயல்மொழி பயில்வது நல்லதே. உலகின் பல பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, அயல்மொழிகளையும் பன்னாட்டு உறவுகளையும் ஒரே பாடத்திட்டத்தில் இணைத்துக் கற்பிக்கின்றன. ஒரு நாட்டின் மொழியோடு அதன் வரலாறு, சமயம், சட்டம், அரசியல் ஆகியவற்றையும் மாணவர் சேர்த்தே கற்கின்றனர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலுள்ள 'லோரியென்தாலே' என்னும் கீழைத்தேயப் பல்கலைக்கழகம் இவ்வகைக் கல்விக்குப் பெயர் பெற்றது. அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால், அங்கே நமக்குத் தென்படுபவர் அரசரும் அல்லர், அமைச்சரும் அல்லர். மத்தேயோ ரீப்பா என்னும் ஓர் எளிய குரு. அவர் நட்ட செடியின் கதை, மொழி கற்கும் எவரும் அறிய வேண்டிய கதை.

கதையின் தொடக்கமோ நமக்கு மிக அருகில், புதுச்சேரியில் இருக்கிறது. 1703ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தையின் தூதராகச் சார்லஸ் தோமா மைலார் தெ துர்னோன் அங்கே வந்து இறங்கினார். இந்தியாவிலும் சீனாவிலும் கிறிஸ்தவர்கள் கைக்கொண்டிருந்த உள்நாட்டுச் சடங்குகள் திருமறைக்கு ஏற்றவைதாமா என்று ஆராய்ந்து தீர்ப்பது அவருக்கு இடப்பட்ட பணி. ஏறத்தாழ எட்டு மாதங்களே அவர் புதுச்சேரியில் தங்கினார். தமிழ் அறியார். பிறர் எடுத்துரைத்த செய்திகளைக் கொண்டே 1704ஆம் ஆண்டு சூனில் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். தாலியின் வடிவம், திருமணத்தில் தேங்காய் உடைத்தல், பெண் பூப்பெய்தும்போது செய்யும் விழா எனப் பலவற்றைப் பற்றி அந்த ஆணை விதித்தது, விலக்கியது.

இங்கே ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. ஒடுக்கப்பட்ட மக்கள் நோயுற்றால் குருக்கள் அவர்தம் இல்லங்களுக்கே சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்றும் அதே ஆணை கட்டளையிட்டது. தமிழை நன்கு கற்றிருந்த மறைபரப்பாளருள் சிலர், மேல்சாதியினர் விலகிவிடுவர் என்று அஞ்சி அவ்வீடுகளுக்குள் நுழையாதிருந்தனர். மொழி அறியாத தூதர் இந்த ஒன்றில் சரியாகக் கண்டார். மொழி அறிந்தவர்கள் காணத் தவறினர். மொழியறிவு மட்டுமே ஒருவரை நீதிமானாக்கிவிடாது என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் சான்று இது.

புதுச்சேரியிலிருந்து துர்னோன் சீனா சென்றார். 1705ஆம் ஆண்டின் இறுதி நாளில் பீக்கிங்கில் காங்சி பேரரசரைக் கண்டார். இப்பேரரசர் கிறிஸ்தவத்தின் பகைவர் அல்லர். 1692ஆம் ஆண்டிலேயே அதனைத் தம் நாட்டில் பின்பற்றலாம் என்று ஆணையிட்டவர். முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் செலுத்தும் வணக்கம் குடும்ப மரியாதையே, வழிபாடன்று என்று மத்தேயு ரிச்சியின் வழிவந்த இயேசு சபையினர் கூறி வந்தனர். மற்றவர் மறுத்தனர். மறுத்தவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் மெக்ரோ என்னும் மறைமாவட்டப் பொறுப்பாளர். கடவுளைக் குறிக்கத் 'தியென்', 'ஷாங்தி' என்னும் சீனச் சொற்களைப் பயன்படுத்தலாகாது என்று 1693ஆம் ஆண்டிலேயே தடை விதித்தவர் அவர்.

கடவுளுக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்ற கேள்வி நமக்கும் புதிதன்று. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் நூல் 'தம்பிரான்' என்றது. பின்வந்தோர் 'சர்வேசுரன்' என்றனர். நாம் இன்று 'இறைவன்' என்கிறோம். ஒவ்வொரு சொல்லின் பின்னும் அம்மொழியினரோடு வாழ்ந்து பெற்ற அறிவு தேவைப்பட்டது.

1706ஆம் ஆண்டு கோடையில், செகோல் என்னும் ஊரிலிருந்த தம் கோடை மாளிகைக்கு மெக்ரோவைப் பேரரசர் அழைத்தார். அரியணைக்கு மேலே எழுதப்பட்டிருந்த நான்கு எழுத்துகளைக் காட்டி அவற்றைப் படிக்கச் சொன்னார். சீனாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்த மெக்ரோவால் அவற்றுள் ஒன்றை மட்டுமே அறிய முடிந்தது. எம் எழுத்தைப் படிக்க இயலாதவர் எம் நூல்களின் பொருளைத் தீர்ப்பிட வந்தாரா என்று அரசருக்குத் தோன்றியதில் வியப்பென்ன? மெக்ரோ நாடு கடத்தப்பட்டார். ரிச்சியின் நெறியைப் பின்பற்ற உடன்படுவோர் மட்டுமே உரிமைச்சீட்டுப் பெற்று நாட்டில் தங்கலாம் என்று பேரரசர் விதித்தார். துர்னோன் மக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே போர்த்துக்கீசியரின் காவலில் வைக்கப்பட்டார். கர்தினாலாக உயர்த்தப்பட்டும், விடுதலை காணாமலே 1710ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் இறந்தார்.

அவருக்குக் கர்தினாலின் தொப்பியைக் கொண்டு சென்ற குழுவில் ஒருவர்தாம் நம் மத்தேயோ ரீப்பா. தென் இத்தாலியின் எபோலி ஊரில் 1682ஆம் ஆண்டு பிறந்தவர். 1710ஆம் ஆண்டு சனவரியில் மக்காவ் வந்து சேர்ந்தவர், அந்தக் கர்தினாலின் துயர முடிவைக் கண்ணால் கண்டார். மொழியறியாத் தீர்ப்பு எத்தகைய அழிவைக் கொணரும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் அவருக்கு வேண்டியிருந்திருக்காது. அடுத்த ஆண்டு பீக்கிங் சென்று அரண்மனையில் ஓவியராகவும் செப்புத்தகட்டுச் சித்திரக்காரராகவும் பணியாற்றினார். செகோல் மாளிகையின் முப்பத்தாறு காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் அவரே. பதின்மூன்று ஆண்டுகள் அரசவையில் இருந்தபோது ஒன்றை அவர் தெளிந்தார். ஐரோப்பியர் எவ்வளவு முயன்றாலும் சீன மக்களின் உள்ளத்தை அவர்கள் மொழியிலேயே தொடுவது அரிது; அதற்குச் சீன மைந்தரே குருக்களாக வேண்டும். எனவே சிறுவர் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார்.

காங்சி 1722ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். அவருக்குப் பின் வந்த பேரரசர் கிறிஸ்தவத்தைத் தடை செய்யும் வழியில் சென்றார். ரீப்பா 1723ஆம் ஆண்டு பீக்கிங்கை விட்டுப் புறப்பட்டார். மாணவர் நால்வரையும் அவர்தம் ஆசிரியரையும் உடன் அழைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு நேப்பிள்ஸ் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் போராடினார். 1732ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து ஒப்புதல் அளிக்க, 'சீனர் கல்லூரி' பிறந்தது. பின்னர் ஒட்டோமன் பேரரசின் பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்தனர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் நூற்றுக்கு மேற்பட்ட சீன இளைஞர் அங்கே பயின்றனர். இலத்தீனும் இறையியலும் கற்றுக் குருக்களாகித் தாயகம் திரும்புவதே அவர்கள் வாக்குறுதி. ரீப்பா 1746ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் எண்ணியிராத ஒரு பயன் அந்த இல்லத்திற்குப் பின்னர் வாய்த்தது. 1792ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசு சீனாவுக்கு ஒரு பெருந்தூதுக் குழுவை அனுப்ப விரும்பியது. தலைவர் மெக்கார்ட்னி பிரபு. 1781 முதல் 1785 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர். செயலர் ஜார்ஜ் ஸ்டான்டனும் சென்னையில் அவரோடு பணியாற்றியவரே. இவர்களுக்குச் சீனம் அறிந்த மொழிபெயர்ப்பாளர் தேவை. இங்கிலாந்தில் ஆள் கிடைக்கவில்லை. ஸ்டான்டன் ஐரோப்பாவில் தேடிக்கொண்டு சென்று, இறுதியில் நேப்பிள்சின் சீனர் கல்லூரிக் கதவைத் தட்டினார். தாயகம் திரும்பக் காத்திருந்த சீனக் குருக்கள் இருவர் பணிக்கு இசைந்தனர். ஒருவர் மக்காவில் அஞ்சி விலகினார். மற்றவர் லீ சிபியாவ். சிறுவயதிலேயே நாட்டைவிட்டு வந்தவர். அரசின் அனுமதியின்றி அயல்நாடு சென்ற குடிமகனுக்குத் தண்டனை காத்திருந்தது. எனவே ஆங்கில உடை அணிந்து, ஆங்கிலேயர் போலவே உள்ளே நுழைந்தார்.

1793ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அதே செகோலில் சியென்லுங் பேரரசரை மெக்கார்ட்னி சந்தித்தார். மெக்ரோ நான்கு எழுத்துகளின் முன் தடுமாறிய அதே ஊரில், இப்போது ரீப்பாவின் இல்லத்துப் பிள்ளை இரு வல்லரசுகளுக்கு நடுவே நின்று இருபுறமும் பொருள் உரைத்தார். ஆங்கிலேயர் கூறியது இலத்தீன், இத்தாலிய மொழிகளின் வழியே சீனத்திற்குச் சென்றது. குழுவில் சீனம் பேசும் ஆங்கிலேயர் உண்டா என்று பேரரசர் கேட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் முன்வந்தான். அவன் ஸ்டான்டனின் மகன். கப்பற் பயணத்தில் அக்குருக்களிடமே சீனம் கற்றவன். பேரரசர் மகிழ்ந்து தம் இடையிலிருந்த பட்டுப் பையை எடுத்து அவனுக்குக் கொடுத்தார்.

ஆங்கிலேயர் கேட்ட வணிகச் சலுகைகள் அனைத்தும் மறுக்கப்பட்டன. ஆயின் மறுப்போலையில் ஒரு விந்தை இருந்தது. சமயத்தைப் பரப்ப அனுமதி இல்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. தாம் கேளாத ஒன்று எவ்வாறு மறுக்கப்பட்டது என்று மெக்கார்ட்னி வியந்தார். சீனக் கத்தோலிக்கருக்காக லீ தாமே அந்த வேண்டுகோளைச் சேர்த்துவிட்டார் என்பது, 2021ஆம் ஆண்டு இது குறித்து நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் ஹென்ரியட்டா ஹாரிசனின் கருத்து.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். மொழிபெயர்ப்பவர் பிறர் சொல்லைச் சுமப்பவர். அதில் தம் சொல்லைக் கலப்பது நம்பிக்கைக்கு மாறானது என்பர். அதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் தடையின் கீழ் ஒளிந்து வாழ்ந்த தம் மக்களின் குரலை அரியணைவரை கொண்டு செல்ல அவருக்குக் கிடைத்த ஒரே வாயில் அதுவே. அவரைக் குற்றவாளி என்று கூறவோ புனிதர் என்று போற்றவோ நாம் முன்வரவில்லை. இரு மொழிகளை அறிந்தவர் தோளில் எத்தனை பெரிய பாரம் ஏறுகிறது என்பதை மட்டும் உணர்கிறோம். தூதுப்பணி முடிந்தபின் லீ ஆங்கிலேயரோடு திரும்பவில்லை. சீனாவிலேயே தங்கி, 1828ஆம் ஆண்டு இறக்கும்வரை மறைவாக ஆடுகளை மேய்த்தார்.

பட்டுப் பை பெற்ற சிறுவன் என்ன ஆனான்? இளைய ஜார்ஜ் ஸ்டான்டன் சீனத்தில் பெரும் புலமை பெற்றார். சீனப் பேரரசின் சட்டத் தொகுப்பை 1810ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்டார். அம்மக்களின் நூலையும் நீதியையும் அவரளவு அறிந்த ஆங்கிலேயர் அந்நாளில் மிகச் சிலரே. ஆனால் 1840ஆம் ஆண்டு, அபின் வணிகத்தால் மூண்ட போரைப் பற்றி ஆங்கில நாடாளுமன்றம் விவாதித்தபோது, அவர் போரை ஆதரித்தே பேசினார். குருக்களிடம் கற்ற மொழி, அம்மொழியினர்மீது பீரங்கி முழங்குவதைத் தடுக்க உதவவில்லை.

ஆக, மூவர் நம் கண்முன் நிற்கின்றனர். மெக்ரோ மொழியை ஆழக் கல்லாமல் தீர்ப்பிட்டார், உறவு முறிந்தது. ஸ்டான்டன் மொழியை ஆழக் கற்றும் தம் நாட்டின் ஆதாயத்தின் பக்கமே நின்றார். உறவு குருதியில் நனைந்தது. லீயோ மொழியையும் கற்று, அம்மொழி பேசிய எளியோர் நடுவே தம் வாழ்வையும் வைத்தார். கல்வி மூவருக்கும் இருந்தது. அக்கல்வி யாருக்காக என்பதில்தான் அவர்கள் வேறுபட்டனர்.

ரீப்பாவின் இல்லம் 1860களின் இறுதியில் இத்தாலிய அரசின் கைக்குச் சென்றது. 1888ஆம் ஆண்டு அரசின் கீழைத்தேய நிறுவனமாயிற்று. இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. குருக்களை உருவாக்கிய இடத்தில் இன்று ஆசிய, ஆப்பிரிக்க, ஐரோப்பிய மொழிகளும் அரசியலும் பன்னாட்டு உறவுகளும் கற்பிக்கப்படுகின்றன. திருச்சபையும் தன் பாடத்தைக் கற்றது. காலம் மட்டும் நீண்டது. சடங்குகள் பற்றி 1742, 1744ஆம் ஆண்டுகளில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் விதித்த கடுமையான கட்டுப்பாடுகள் இரு நூற்றாண்டுகள் நிலைத்தன. 1939ஆம் ஆண்டு டிசம்பரில் பன்னிரண்டாம் பத்திநாதர் ஆட்சியில் கன்பூசியசுக்கும் முன்னோருக்கும் செலுத்தும் மரியாதைகள் அனுமதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நம் நாட்டு மறைபரப்பாளர் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழியும் நீக்கப்பட்டது. நான்கு எழுத்துகளில் முறிந்த உறவை ஒட்டவைக்க இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பெந்தகோஸ்து நாளன்று திருத்தூதர்கள் பல மொழிகளில் பேசியதை நாம் அடிக்கடி நினைக்கிறோம். கூடியிருந்த ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியிலேயே கேட்டனர் என்பதையும் திருநூல் அழுத்திச் சொல்கிறது. அங்கே பார்த்தரும் மேதரும் அரபியரும் தம் மொழியை விட்டுவிட்டு எருசலேமின் மொழியைக் கற்க வேண்டியதாயிருக்கவில்லை. நற்செய்தியே அவர்கள் மொழிக்குள் வந்தது.

அயல்மொழி வகுப்புக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்த மொழியைக் கற்று எங்கே செல்வாய் என்று எல்லாரும் கேட்கின்றனர். இந்த மொழியைக் கற்று யாருடைய பேச்சைக் கேட்கப்போகிறாய் என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு செல்பவர், எந்த நாட்டில் இறங்கினாலும் அங்குள்ளோர்க்கு அயலாராக இருக்கமாட்டார்.