அக்கரை தெரியாத நாள்கள்



பினாங்குத் துறைமுகத்தை நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் தாத்தா பாட்டிமார் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, மலாயா மண்ணை முதன்முதலில் கண்ட இடம் அது. ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்காமல் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு காலத்தில் மிகக் குறைவு. வானம் தெளிந்த நாளில் ஜோர்ஜ்டவுன் கடற்கரையில் நின்றால் எதிரே பட்டர்வொர்த் தெரியும். வடக்கே கெடாவின் ஜெராய் மலையும் தெரியும். ஆனால், சில ஆண்டுகளில், சில வாரங்களுக்கு அக்கரையே தெரியாமல் போய்விடுகிறது. அந்தப் புகைமூட்டத்தின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

புகை நமக்குப் புதிதன்று. லயத்து வீடுகளில் விறகடுப்புப் புகைந்தது. தோட்டத்து ஆலையில் ரப்பர்ப் பாளங்களைப் புகை போட்டுத்தான் காயவைத்தார்கள். துறைமுகத்திலும் அப்படியே. ஈயத்தை உருக்கும் ஆலை ஒன்று 1897-இல் ஜோர்ஜ்டவுனில் தொடங்கப்பட்டு, டத்தோ கிராமாட் பகுதியில் இயங்கியது. 1902-இல் எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலும் ஓர் உருக்காலை எழுந்தது. புகைபோக்கியில் புகை வந்தால் வேலை நடக்கிறது, கூலி கிடைக்கும் என்று எண்ணிய காலம் அது. புகையைக் கேடு என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்த எண்ணத்தை உலக அளவில் மாற்றியது லண்டன் மாநகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, காற்று அசையாத கடுங்குளிரில், வீடுகளும் ஆலைகளும் எரித்த நிலக்கரிப் புகை நகரின்மீது அப்படியே தங்கிவிட்டது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். நான்கே ஆண்டுகளில், 1956-இல், பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1978-இல் தூய காற்று விதிமுறைகளும் வந்தன. இவை உள்நாட்டுப் புகைபோக்கிகளைக் கட்டுப்படுத்தின. கடல் கடந்து வரும் புகையை எந்தச் சட்டம் தடுக்கும்?

சுமத்திராவிலும் கலிமந்தானிலும் பரந்த சதுப்பு நிலங்கள் உண்டு. இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறிக் கிடந்து உருவான மண் அது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அந்த மண்ணே விறகாகிவிடும். செம்பனை பயிரிடவும் காகித மரம் நடவும் காட்டை அழித்துத் தீ வைக்கும்போது, நெருப்பு மண்ணுக்கடியில் இறங்கி வாரக்கணக்கில் புகைகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை மலாக்கா நீரிணையின் இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. எல் நினோவால் வறட்சி வரும் ஆண்டில் மழை பொய்த்துவிடுவதால் துன்பம் பன்மடங்காகிறது.

1997 அப்படிப்பட்ட ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 19-இல் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839 வரை ஏறியது. அந்தக் குறியீட்டில் 50 வரை நல்ல காற்று. 100-ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு. 300-ஐத் தாண்டினால் பேராபத்து. அதே மாத இறுதியில் போர்ட்டிக்சனுக்கு அப்பால், புகை சூழ்ந்த நீரிணையில், இரண்டு கப்பல்கள் மோதி, ஐ.சி.எல். விக்ரமன் என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. பின்னர் 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும், 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை வந்தது. 2019 செப்டம்பரில் பினாங்கிலும் பள்ளிகள் மூடப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1997-க்குப் பிறகு, சுற்றுலாப் பயணிகள் அஞ்சி வராமல் போவார்கள் என்று கருதி, குறியீட்டு எண்ணை அரசு மக்களுக்கு வெளியிடாமல் வைத்திருந்தது. 2005 புகைமூட்டத்தின்போதுதான் அது மீண்டும் வெளிவந்தது. காற்றைச் சுவாசித்தவர்களுக்கே அதன் கணக்குத் தெரியாமல் சில ஆண்டுகள் கழிந்தன.

புகையில் உள்ள நுண்துகள் நம் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மூக்கின் தடுப்பைத் தாண்டி நுரையீரலின் அடிவரை சென்று, இரத்தத்திலும் கலக்கிறது. இருமலும் கண்ணெரிச்சலும் வெளியே தெரிபவை. ஆஸ்துமாவும் இருதய நோயும் உள்ளவர்களுக்கும், முதியோருக்கும், குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும் ஆபத்து அதிகம். 2018 முதல் நம் நாட்டுக் குறியீட்டில் இந்த மிக நுண்ணிய துகளும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது.

"வெளியே போகாதீர்கள், கடின வேலை செய்யாதீர்கள்" என்று அந்த நாள்களில் அறிவிப்பு வருகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால், விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவரும், செம்பனைக் குலை அறுப்பவரும், துறைமுகத்தில் சுமை தூக்குபவரும் அதை எப்படிக் கடைப்பிடிப்பது? உடல் உழைக்க உழைக்க மூச்சு வேகமாகிறது. உள்ளே போகும் புகையும் கூடுகிறது. வீட்டில் தங்கினாலோ அன்றைய கூலி போய்விடும். புகை எல்லார்மீதும் ஒன்றுபோல் படர்ந்தாலும், அதன் சுமை ஒன்றுபோல் இறங்குவதில்லை.

பரிகாரம் இல்லாமல் இல்லை. மறுநடவின்போது பழைய மரங்களைக் கொளுத்திய காட்சியை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். 1980-களின் இறுதியில் மலேசியத் தோட்டங்களிலேயே மரத்தைத் துண்டு துண்டாக்கி மண்ணில் மக்கவிட்டு, எரிக்காமல் மறுநடவு செய்யலாம் என்று செய்து காட்டினார்கள். 2002-இல் ஆசியான் நாடுகள் கோலாலம்பூரில் எல்லை தாண்டும் புகை குறித்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தோனேசியா அதை உறுதிப்படுத்த 2014 வரை ஆயிற்று. அதன் பிறகும் 2015-லும் 2019-லும் புகை வந்தது. கையெழுத்து மட்டும் நெருப்பை அணைத்துவிடாது.

நேயர்களே, புகைமூட்டக் காலத்தில் அன்றைய குறியீட்டு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது 100-ஐத் தாண்டினால் பிள்ளைகளை வெளியே ஓடியாட விடாதீர்கள். துணியை மூக்கில் கட்டுவது நுண்துகளைத் தடுக்காது. என்-95 முகக்கவசமே தடுக்கும். லயத்துக்குப் பின்னால் குப்பையைக் கொளுத்தாதீர்கள். வேலை நேரத்தைக் குறைப்பது, முகக்கவசம் தருவது, கூலியை இழக்காமல் ஓய்வு தருவது ஆகியவற்றைப் பற்றி உங்கள் தொழிற்சங்கத்தின் வழியாக நிர்வாகத்திடம் பேசுங்கள். அன்று எண் மறைக்கப்பட்டது. இன்று அது நம் கையில் இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்பது நம் உரிமை.